பாய் கால்குலேட்டருக்கு நான் விளக்கு வைத்த கதை

செல்போன் கடை வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, தொழிலில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். சால்டரிங் பிடிப்பது எப்படி, ஐ.சி. கழற்றுவது எப்படி என்றெல்லாம் எழுத மாட்டேன். அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். உங்கள் போனில் இருக்கும் திருகாணி இப்போது என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், ஒரு களத்து மேட்டில் ஊர் கூடி நிற்க நான் திருதிருவென்று விழித்த கதையைத்தான் எழுதப் போகிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

வலங்கைமான் கடைத்தெருவில் என் கணவர் ஆரம்பித்த ரேடியோ ரிப்பேர் கடை அது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தவள் நான்தான். அவர் படித்தது வணிகவியல். பலகையில் அவர் பெயர், மேசையில் என் கை என்று கடை ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனபோது, "கடையை மூடிடலாமா?" என்று மிகவும் கவலையாகக் கேட்டார். நீங்கள் போவதால் கடைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு ஊருக்கு நான் ரேடியோக்காரம்மா ஆனேன்.

வெளிநாட்டுச் சாமான்கள் தெருவுக்குத் தெரு வந்து இறங்கிய காலம் அது. யார் வீட்டுக்கு யார் சவுதியிலிருந்து வந்தாலும் மறுநாள் காலையில் என் மேசைக்கு ஒரு மிக்ஸியோ டேப் ரிக்கார்டரோ வந்துவிடும். அந்த ஊர் கரண்டுக்குச் செய்த சாமானை நம் ஊர் பிளக்கில் சொருகியிருப்பார்கள். "சும்மாதான் போட்டேன், தானா புகைஞ்சிருச்சு" என்பார்கள். நானும் தலையை ஆட்டிக்கொள்வேன்.

இனி ஜமால் பாய். அவர் நெல் வியாபாரி. அறுவடையான களத்துக்கே தராசோடும் மினி லாரியோடும் வந்து எடை போட்டு, அங்கேயே பணத்தைக் கொடுத்து நெல்லை ஏற்றிக்கொண்டு போகிறவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மூட்டைகளின் எடையைக் கூட்டி, சாக்கின் எடையைக் கழித்து, விலையால் பெருக்கி முடித்ததும், கால்குலேட்டரை அப்படியே திருப்பி நெல்லுக்குச் சொந்தக்காரர் முகத்துக்கு நேரே நீட்டுவார். "பாத்துக்குங்க" என்பார். தொகையைத் தன் வாயால் சொல்ல மாட்டார். எதிரே இருப்பவர் அதைப் பார்த்து, ஊர் கேட்கப் படித்து, சரி என்ற பிறகுதான் பணப்பையைத் தொடுவார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்களிடம் மாட்டிச் சலித்த ஜனங்களுக்கு, அப்படி முகத்துக்கு நேரே காட்டுவது பெரிய மரியாதையாக இருந்தது. அவருடைய வியாபாரம் முழுவதும் அந்த ஒரு திருப்பலில்தான் நின்றது.

குறுவை அறுவடையில் அதற்குச் சோதனை வந்தது. மழை எப்போது பிடிக்குமோ என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அறுப்பார்கள். பாய் களம் களமாக ஓடி எடை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சாம்பல் நிறத் திரையில் இருக்கும் கறுப்பு எண் அந்தி நேரத்தில் யாருக்குத் தெரியும்? டார்ச் அடித்தால் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டார்ச் வெளிச்சம் திரையின் மேல் பட்டுக் கண்ணைக் கூசுகிறது, அழுத்துகிறவருக்குத் தெரிந்தால் பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை என்றார். இதற்கிடையில் போட்டி வியாபாரி ஒருவர், பாய் பொழுது சாயட்டும் என்று காத்திருந்துதான் பட்டனைத் தட்டுகிறார் என்று டீக்கடையில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார். அந்த மாதிரி வார்த்தை சைக்கிளைவிட வேகமாகப் போகும்.

பாய் கால்குலேட்டரை என் மேசையில் வைத்தார்.

"உள்ளேயே ஒரு வெளக்கு வச்சுக் குடு தங்கச்சி. துபாய்ல என் மச்சான் வீட்டு போன்ல நம்பரெல்லாம் வெளிச்சமா தெரியுது. நாளைக்குச் சாயந்தரம் சரோஜா களத்துல எடை. ஊரே என் கையைத்தான் பாக்கும். அந்த ஊரு போச்சுன்னா, ஆத்துக்கு அந்தாண்ட எனக்கு ஒரு மூட்டை கெடைக்காது."

பாவமாக இருந்தது. அதைவிட, கால்குலேட்டருக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று கேட்டதும் என் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கும் அது தெரியும். இதுவரை யாரும் கேட்காத வேலையை ஒருவர் கேட்டால், முடியுமா என்று யோசிப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் வலங்கைமான் முழுக்க மெட்ராஸ் ஐ. எனக்கும் வந்திருந்தது. இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து, நீர் வடிந்துகொண்டே இருந்தது. நல்லவேளையாக என் கணவர் ஷார்ஜாவிலிருந்து வெயில் கூசாத கூலிங் கிளாஸ் இரண்டு அனுப்பியிருந்தார், ஊருக்கு வரும்போது போட்டுக்கொள்ளத் தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையதை மாட்டிக்கொண்டுதான் தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இருந்தேன். பாய் வந்தபோது அவர் கண்ணும் சிவந்திருந்தது. தன்னைப் பார்த்தாலே ஜனங்கள் எதிர்ச்சாரிக்கு ஓடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். என் கணவர் ஊருக்கு வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அவருடைய கண்ணாடியை எடுத்து பாயிடம் கொடுத்தேன். அவருக்கும் அது நன்றாகவே இருந்தது.

வேலையை நீட்டி முழக்கப் போவதில்லை. திரைக்குப் பின்னால் இருந்த வெள்ளிப் பூச்சைச் சுரண்டி எடுத்தேன். பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய இரண்டு பச்சை விளக்குகளைப் பின்னால் வைத்தேன். வெளிச்சம் பரவலாக விழ ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வெட்டி நடுவில் செருகினேன். முதுகில் பென்சில் பேட்டரிக்கு ஒரு பெட்டி. திரையின் முன்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கீறல் விழுந்து, புகை படிந்த மாதிரி மங்கிக் கிடந்தது. கீறல் படாமல் இருக்கக் கம்பெனிக்காரன் ஒட்டிக் கொடுத்தது, இவர் உரிக்காமலேயே வைத்திருக்கிறார் என்று நினைத்து உரித்துப் போட்டேன். புது டி.வி.யின் ரிமோட் உறையைக் கிழிக்காமல் பத்து வருஷம் வைத்திருக்கும் ஊர் இது, நான் வேறென்ன நினைப்பேன்?

பட்டனை அழுத்தினேன். இளம்பச்சை வெளிச்சத்தில் எண்கள் வரைந்து வைத்தது போல் நின்றன. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் இன்னும் கறுப்பாகத் தெரிந்தன. கண் வலியில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மதியம் பாய் வந்து, அவரும் கண்ணாடியோடு பார்த்தார், அவரும் தலையைச் சாய்த்தார். "மாஷா அல்லாஹ், துபாய் தோத்துச்சு" என்றார். இரண்டு பேரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சிரித்தோம்.

நான் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் என் விளக்கை ஊர் பார்த்து வாயைப் பிளப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே கிளம்பினேன். அந்தி நேரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு வண்டி ஓட்டியதில் இரண்டு இடத்தில் வாய்க்காலுக்குள் இறங்கப் பார்த்தேன். அப்போதாவது கண்ணாடியைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

சரோஜாவின் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். குத்தகை நிலத்தை விட்டுவிடலாம் என்று எல்லாரும் சொன்னபோது, நானே பயிர் வைக்கிறேன் என்று அந்த அம்மாள் தனியாக இறங்கிப் போட்ட முதல் குறுவை அது. கணவரின் தம்பிக்கு அந்தக் குத்தகை மேல் ஒரு கண். அண்ணிக்கு விவரம் பத்தாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று களத்தில் முதல் ஆளாக வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூட்டைகள் வெட்டவெளியில் அடுக்கியிருந்தன. கிழக்கே வானம் கறுத்திருந்தது. அன்றைக்கு நெல் ஏறாவிட்டால் ராத்திரி நனையும், நனைந்தால் முளைவிடும். முளைவிட்ட நெல்லைக் கோழிகூட யோசித்துத்தான் கொத்தும்.

எடை முடிந்தது. பாய் விளக்குப் பட்டனை அழுத்தியதும் களத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் பெருமை. அவர் கணக்கைப் போட்டு முடித்து, கால்குலேட்டரை சரோஜாவின் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"பாத்துக்குங்க."

சரோஜா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"வெளிச்சம் வருது பாய். நம்பரைக் காணுமே."

பாய் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். இருக்கிறதே என்றார். நான் எட்டிப் பார்த்தேன், நானும் சாய்த்தேன். இருந்தது, எல்லா எண்ணும் பளிச்சென்று இருந்தது. மறுபடி சரோஜாவிடம் நீட்டினோம். அவருக்குத் தெரியவில்லை. கொழுந்தனார் பிடுங்கிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. கைமாறிக் கைமாறி அது களத்தைச் சுற்றி வந்தது. பச்சை வெளிச்சத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

கொழுந்தனார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இருட்டுகிற நேரத்தில் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடி, ஒரே பக்கம் சாய்ந்த கழுத்து. என்னைக் கேட்டால், நானும் சந்தேகப்பட்டுத்தான் இருப்பேன்.

"ஊருக்கே தெரியாதது ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்புடிங்க தெரியுது?" என்றார் அவர். அதட்டாமல் நிதானமாகக் கேட்டதுதான் அதிக பயமாக இருந்தது.

பாய் பதறிப்போய், பேப்பரில் போட்டுக் காட்டுகிறேன் என்றார். ஆனால் இப்போது கணக்கு சரியா தப்பா என்பது யாருக்கும் முக்கியமில்லை. பாய் இத்தனை வருஷமும் காட்டியது இப்படித்தானா என்று ஒருவர் கேட்டார். அவர் வாங்கிப்போன பழைய நெல்லையெல்லாம் எல்லாரும் மனசுக்குள் திரும்ப எடை போடுவது முகத்திலேயே தெரிந்தது. இடி இடித்தது. சரோஜா மூட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பாய் என் காதோரம் வந்து, "பேட்டரி வீக்குன்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலுக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிய துணை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எது புரியவில்லையோ அதற்கெல்லாம் பேட்டரி வீக். ஆம் என்று சொல்ல என் நாக்கு புரண்டுவிட்டது. பேட்டரி வீக் என்றால் விளக்கு எரியுமா என்று கொழுந்தனார் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அதைவிட, அப்படிச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடலாம், பாயும் போய்விடலாம், இந்த நெல் எங்கே போகும்? கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, மெட்ராஸ் ஐயால் பாதி, பயத்தால் பாதி. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினேன்.

கால்குலேட்டரில் ஒன்றும் இல்லை.

மாட்டினேன், எண் வந்தது. கழற்றினேன், போய்விட்டது. ஐ.டி.ஐ.யில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்துபோன ஒரு பாடம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு தாள், முன்னால் ஒரு தாள் இருக்கும். வெளிச்சம் இரண்டையும் கடந்து வந்தால்தான் எண் கண்ணுக்குத் தெரியும். முன்தாளைத்தான் நான் உறை என்று நினைத்து உரித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். வெயில் கூசாமல் இருக்க அதே ஜாதித் தாளை வைத்துச் செய்த ஷார்ஜா கண்ணாடி, எங்கள் மூக்கின் மேல் இருந்துகொண்டு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

களத்தின் நடுவில் நின்று சொன்னேன், தப்பு என்னுடையது, பாய்க்கு இது தெரியாது என்று. திரை, தாள் என்று விளக்க ஆரம்பித்தேன். நானே திணறியதில், பொய் சொல்கிறவள் மாதிரியே இருந்தது. அதனால் பேச்சை நிறுத்திவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு நீங்களே பாருங்கள் என்று கண்ணாடியைக் கொழுந்தனாரிடம் நீட்டினேன்.

அவர் என் கண்ணைப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் போனார்கள். பாய் உதவிக்கு வருவதாக நினைத்துத் தன் கண்ணாடியையும் கழற்றினார். இன்னும் இரண்டு சிவந்த கண்களைப் பார்த்ததும் களத்தில் பாதி காலியாகிவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எங்களை அடிக்க வருவார்களோ என்று நான் பயந்த ஆட்கள், இப்போது கிட்டே வராதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரோஜா மட்டும் நகரவில்லை.

"அதை என் கண்ணுல மாட்டாதீங்க. அந்தக் கண்ணாடியை அதுமேலயே வச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. ஐ.டி.ஐ. சான்றிதழைக் கடையில் பிரேம் போட்டு மாட்டியிருந்தவளுக்குத் தோன்றவில்லை என்று வெட்கப்படவும் நேரமில்லை. கண்ணாடியின் ஒரு சில்லைப் பெருவிரலால் அழுத்திப் பிதுக்கினேன், சட்டத்தைவிட்டு வந்துவிட்டது. திரையின் மேல் வைத்தேன். மங்கலாக எண் எழுந்தது. சில்லைக் கொஞ்சம் திருப்பினேன். கறுகறுவென்று நின்றது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, தோளுக்கு மேல் தலையாக நீட்டிப் பார்த்தது. மொபெட் பெட்டியில் கிடந்த டியூப் துண்டை வெட்டி, சில்லையும் கால்குலேட்டரையும் சேர்த்துக் கட்டினேன். பார்க்கக் கண்ணில் கட்டுப்போட்ட ஆள் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்தது.

பாய்க்கு உயிர் வந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு, தெரிகிற தொகையை மறுபடி சரோஜாவின் பக்கம் திருப்பினார். தூறல் போட ஆரம்பித்தது. லாரிக்காரர் தார்ப்பாயை உதறினார். எல்லாரும் சரி சரி, ஏற்றுங்கள் என்றார்கள். கொழுந்தனாரே, "சரின்னு சொல்லிடுங்க அண்ணி, மழை வந்துருச்சு" என்றார்.

"அழிச்சிட்டு மொதல்லேருந்து போடுங்க பாய்" என்றார் சரோஜா.

பாய் திகைத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சரோஜா யாரையும் பார்க்கவில்லை. அவர் குரல் உயரவும் இல்லை.

"மழை வந்தா நனையப்போறது என் நெல்லு. பதற வேண்டியது நான். நானே பதறல, ஒங்களுக்கென்ன?"

பாய் அழித்தார். சாக்குகளின் மேல் கரியால் எழுதியிருந்த எடையை சரோஜா ஒவ்வொன்றாகப் படித்தார், பாய் அழுத்தினார், ஒவ்வொரு தடவையும் திருப்பிக் காட்டினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கு அல்ல, கால்குலேட்டருக்கு. என் தொழிலில் அவ்வளவு நீளமான கணக்கை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் வந்தது முன்பு வந்த அதே தொகைதான். சரோஜா அதை ஊர் கேட்க உரக்கப் படித்தார். பிறகு ஏற்றுங்கள் என்றார். பேசிக்கொண்டிருந்த அத்தனை ஆண்களும் மூட்டைக்கு ஓடினார்கள், கொழுந்தனார் உட்பட. கடைசி மூட்டை ஏறித் தார்ப்பாயைக் கட்டி முடித்த பிறகுதான் மழை கொட்டியது. அன்று எனக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் கூடியது.

ஒரு சில்லு போன கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் மொபெட்டை உதைக்கும்போது சரோஜா பக்கத்தில் வந்தார். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கண்ணைக் கட்டச் சொன்னார். அப்புறம், "பாய்க்குத்தான் கணக்கு தெரியுமே. தெரியாதவங்ககிட்டல்ல மொதல்ல காட்டியிருக்கணும்? அடுத்த தடவ வெளக்கு வைக்கும்போது என்னையும் கூப்பிடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது. அழுத்துகிறவர் ஒருவர், பார்க்கிறவர் ஒருவர் என்று அந்தச் சாமானுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நான் ஒருவரை மட்டும் கேட்டு வேலையை முடித்திருந்தேன்.

சரோஜா களத்தில் நடந்தது ஊர் ஊராகப் பரவியதில் பாய்க்குக் கெட்ட பெயர் போனது. ஆனால் எல்லாக் களத்திலும் முதலிலிருந்து மறுபடி போடச் சொல்லி அவர் உயிரை எடுத்தார்கள். சில்லு கட்டிய கால்குலேட்டரோடு சம்பா வரை ஓட்டிவிட்டு, வேறொன்று வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு ஒழுங்காக விளக்கு வைத்தேன், முன்தாளைத் தொடவே இல்லை. கண்ணாடி இல்லாமல் பார்த்தேன், எட்டப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. பாய் நன்றாக இருக்கிறது என்றார். அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு சரோஜாவுக்கு ஆள் அனுப்பினேன்.

சரோஜா வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கால்குலேட்டரை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக அழுத்திப் பார்த்தார்.

"ஏழு மங்கலா இருக்கு" என்றார்.

மங்கலாகத்தான் இருந்தது. மறுபடி பிரித்தேன்.